பழைய கிளைடர் வாங்கலாமா? ஊருக்குக் கொண்டுவரலாமா?

திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்து, பதினோரு ஆண்டுகளாக ஜெர்மனியில் வேலை பார்க்கும் ஒரு வாசகரின் கடிதம் இது. ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 43 வயது, எடை 94 கிலோ. இயந்திரப் பொறியாளர். நான்கு ஆண்டுகளுக்கு முன் வீட்டுப் பக்கத்திலுள்ள ஒரு கிளப்பில் சேர்ந்து, இன்ஜின் இல்லாத கிளைடரை ஓட்டக் கற்று உரிமமும் எடுத்துவிட்டார். தனியாகப் பறந்தது 60 மணி நேரம் இருக்கும். சனி, ஞாயிறுகளில் கிளப் கிளைடருக்கு வரிசையில் நின்று அலுத்துவிட்டதால் சொந்தமாகப் பழையது ஒன்று வாங்க நினைக்கிறார். கையில் 4,500 யூரோ இருக்கிறது. மூன்று விளம்பரங்களை அனுப்பியிருக்கிறார். முதலாவது, 1964இல் கட்டிய கா 8, டிரெய்லரோடு 3,800 யூரோ. இரண்டாவது, பறக்கும் தகுதிச் சான்று இல்லாமல் நிற்கும் எல்-13 பிளானிக், 2,500 யூரோ. மூன்றாவது, 1976ஆம் ஆண்டின் ஆஸ்டிர் சிஎஸ் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு, 3,500 யூரோ. அவர் மனம் கா 8இல் நிற்கிறது.

மூன்று ஆண்டில் ஊர் திரும்பும்போது அதைக் கன்டெய்னரில் ஏற்றிக் கொண்டுவந்து, மாமாவின் மூடிக்கிடக்கும் ரைஸ் மில்லில் வைத்து, உளுந்து எடுத்த வயலில் டிராக்டரைக் கட்டி இழுத்துக் கிளப்பிப் பறக்க வேண்டும் என்பது அவர் ஆசை. “நம்ம ஊர் வானத்தில் பருந்து சிறகை அசைக்காமல் மணிக்கணக்கில் சுற்றுகிறதே ஐயா, எனக்கு முடியாதா? இன்ஜின் இல்லாததற்கு அரசாங்க அனுமதியும் தேவைப்படாதே?” என்று கேட்கிறார். மனைவிக்கு இதில் இஷ்டமில்லை. “அறுபது வருஷத்து மரச் சாமானில் ஏறிப் பறப்பீர்களா?” என்கிறாராம்.

தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விமானப் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்த்தவன், கிளைடரும் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆசை நல்ல ஆசை. கிளைடரை இழுத்துக் கிளப்பும் வின்ச் இயந்திரத்தின் கயிறு கழன்று விழுந்ததும் காதில் காற்றுச் சத்தம் மட்டும் மிஞ்சுகிற அந்த நொடியை அனுபவித்தவர்களுக்கு, உங்களுக்கு ஏன் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. ஜெர்மனியில் இப்போது எதை வாங்குவது என்பது ஒன்று. டெல்டாவில் பிறகு எப்படிப் பறப்பது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே கிளைடர் விடையாகாது. பிரித்துப் பார்ப்போம்.

முதலில் உங்கள் வீட்டம்மா கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அறுபது வயது என்பதால் மட்டும் ஒரு கிளைடர் ஆபத்தானது ஆகிவிடாது. ருடால்ஃப் கைசர் வடிவமைத்து ஷ்லைஷர் நிறுவனம் கட்டிய கா 8 முதலில் பறந்தது 1957இல். ஆயிரத்துக்கும் மேல் கட்டினார்கள், இன்றும் நிறையப் பறக்கின்றன. காய்ந்த இடத்தில் நின்று, வருடா வருடம் ஒழுங்காகச் சோதிக்கப்பட்டது என்றால் நானே நம்பி ஏறுவேன். ஆனால் அவர் கேள்விக்குள் ஒரு நியாயம் இருக்கிறது: மரத்தை விட, அதை ஒட்டிய பசைக்குத்தான் வயது தெரியும்.

ஒரு அனுபவம் சொல்கிறேன். வடக்கே ஒரு கிளப்பில், ஒழுகுகிற கொட்டகையில் இரண்டு மழைக்காலம் நின்றுவிட்ட மரக் கிளைடர் ஒன்றைப் பார்க்க என்னை அழைத்தார்கள். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருந்தது. சிறகுக்கு அடியில் கையகல மூடி ஒன்றைக் கழற்றினேன். நனைந்த நெல் மூட்டையைப் பிரித்தால் வருமே, அந்த வாடை முகத்தில் அடித்தது. டார்ச்சையும் சின்னக் கண்ணாடியையும் உள்ளே விட்டுப் பார்த்தால், விலாக் கட்டையும் பலகையும் சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு கோடு. நகத்தால் லேசாக நெம்பினேன். காய்ந்த சோற்றுப் பருக்கை போலப் பசை உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. மரம் கெட்டுப்போகவில்லை, கட்டைகள் உறுதியாகவே இருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்த பசைதான் இல்லை. சிறகின் அடியில் நீர் வடிவதற்கென்று விட்டிருந்த துளைகளை யாரோ பெயிண்ட் அடிக்கும்போது அடைத்துவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான் காரணம். அந்தக் கிளைடர் மறுபடி பறக்கவில்லை.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கப் போகிறீர்கள். பல்லைப் பார்த்தே ஆக வேண்டும்.

கா 8: மனசுக்குப் பிடித்தது, எடைக்கு ஒத்துவராதது

நீங்கள் அனுப்பிய விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசியாக எடை போட்டபோது வெற்று எடை 211 கிலோ என்று எழுதியிருக்கிறது. கா 8இன் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 310 கிலோ. கழித்தால் 99. உங்கள் எடை 94, பாராசூட் ஏழெட்டுக் கிலோ. சேர்த்தால் 101ஐத் தாண்டுகிறது. அதாவது நீங்கள் ஆசைப்படும் இந்தக் கிளைடரில் நீங்களே சட்டப்படி ஏற முடியாது.

இப்படி ஆவது அபூர்வம் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது 190 கிலோ அளவில் இருந்த கிளைடர், பழுது பார்க்கும்போது கொஞ்சம், மறுபடி துணி போர்த்தும்போது கொஞ்சம், பெயிண்ட் மேல் பெயிண்ட் அடிக்கும்போது கொஞ்சம், ரேடியோவும் பேட்டரியும் வைக்கும்போது கொஞ்சம் என்று எடை ஏறிவிடுகிறது. மொத்த எடை தவிர இருக்கைக்குத் தனி வரம்பும் உண்டு. இரண்டில் எது குறைவோ அதுதான் உங்களுக்கு வரம்பு. விற்பவர் இதை மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் 70 கிலோ ஆளாக இருந்தால் இந்தக் கணக்கே அவருக்கு வந்திருக்காது. பழைய ஒற்றை இருக்கைக் கிளைடர் எதைப் பார்க்கப் போனாலும் விலையைக் கேட்பதற்கு முன் எடைத் தாளைக் கேளுங்கள்.

எடை ஒத்துவந்திருந்தாலும் ஒரு விஷயத்தைச் சொல்லியிருப்பேன். கா 8இன் சறுக்கு விகிதம் சுமார் 27. ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து, காற்று அசையாதபோது, 27 கிலோமீட்டர் போகும். ஆஸ்டிருக்கு இது 37 அளவு. நம் ஊர்க் கணக்கில் பார்த்தால் இது பளிச்சென்று புரியும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மேலே ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். (கணக்குக்காகத்தான். அங்கே பறக்க விட மாட்டார்கள், காரணம் பின்னால் வருகிறது.) நேர்க்கோட்டில் பாபநாசம் சுமார் 21 கிலோமீட்டர், கும்பகோணம் 33. அசையாத காற்றில் கா 8 பாபநாசத்தைத் தாண்டிவிடும், கும்பகோணம் எட்டாது. ஆஸ்டிர் கும்பகோணம் வரை வந்துவிடும். இப்போது எதிர்க்காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வீசட்டும். கா 8 நன்றாகச் சறுக்குவதே மணிக்கு 73 கிலோமீட்டர் வேகத்தில்தான். அதில் 30ஐக் காற்று தின்றுவிட்டால் 16 கிலோமீட்டரில் தரைக்கு வந்துவிடும், பாபநாசம் கூட இல்லை. ஆஸ்டிர் 95 வாக்கில் நன்றாகச் சறுக்கும், ஆகவே அதே காற்றில் 25 கிலோமீட்டர் போகும். நடைமுறையில் வட்டமடித்து இறங்குவதற்கென்று கடைசி 300 மீட்டரை ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதால் எல்லாத் தூரமும் இன்னும் குறையும்.

கிளப்பைச் சுற்றியே மிதந்து, மாலையில் அங்கேயே இறங்குகிறவருக்குக் கா 8 போல இதமான கிளைடர் இல்லை. தெர்மல் என்கிற, சூடாகி மேலே எழும் காற்று சின்னதாக இருந்தாலும் அதில் ஏறிவிடும், மெதுவாக இறங்கும், புதியவரின் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். நீங்களோ “50 கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள்.

பிளானிக் ஏன் இவ்வளவு மலிவு?

முழுக்க அலுமினியம், இரண்டு இருக்கை, 2,500 யூரோ. பசை இல்லை, துணி இல்லை, மனைவியையும் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று உங்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் 2010 ஜூனில் ஆஸ்திரியாவில் ஒரு எல்-13 பிளானிக்கின் சிறகு வானத்திலேயே முறிந்து இருவர் இறந்தார்கள். உலோகச் சோர்வால் சிறகின் முதுகெலும்பான ஸ்பாரில் விரிசல் விட்டிருந்தது. அதன் பிறகு உலகம் முழுக்க எல்-13 கிளைடர்கள் தரையில் நிறுத்தப்பட்டன. சிறகைப் பலப்படுத்தும் திருத்தங்கள் பிற்பாடு வந்தன. அதைச் செய்யாத பிளானிக்குகள்தான் இப்படிப் பறவைக் கூடு கட்டும்படி நின்று மலிவாக விலைக்கு வருகின்றன. திருத்தம் செய்து, சோதித்து, சான்று வாங்குவதற்கு ஆகும் செலவு விளம்பர விலையைப் போலப் பல மடங்கு ஆகும். இதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை. விட்டுவிடுங்கள்.

ஆஸ்டிர் பங்கு: என் ஓட்டு இதற்கு

குரோப் நிறுவனத்தின் ஆஸ்டிர் சிஎஸ் 1974 கடைசியில் முதலில் பறந்தது. ஃபைபர் கிளாஸ் உடம்பு, 15 மீட்டர் சிறகு, உள்ளே மடங்கும் சக்கரம். உள்ளே இடம் தாராளம், உங்கள் உடம்புக்கு ஒத்துவரும். கையாள்வதிலும் 60 மணி நேரம் பறந்தவருக்குத் திடீர் அதிர்ச்சி எதையும் கொடுக்காது. இதே காலத்து ஸ்டாண்டர்ட் சிர்ரஸ் பார்ப்பதற்கு அழகு, ஓட்டமும் நன்று. ஆனால் அதில் பின்வால் முழுசாக அசையும் அமைப்பு. ஸ்டிக்கை ஒரு விரல் அசைத்தால் மூக்கு எகிறும். இன்னும் நூறு மணி நேரம் போகட்டும்.

ஆஸ்டிரின் குறை, சிறகின் கனம். பூட்டும்போது நல்ல பலமுள்ள இரண்டு பேராவது கூட வேண்டும். பங்காளிகள் இருப்பதால் அது பிரச்சினை ஆகாது.

ஃபைபர் கிளாஸ் உளுக்காது என்பதால் பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மேல்பூச்சான ஜெல்கோட் வெயிலிலும் குளிரிலும் வயதாகி, பழைய பீங்கான் தட்டில் இருப்பது போல மயிரிழைக் கீறல் விடும். சாய்ந்த வெளிச்சத்தில் சிறகை நீளவாக்கில் பார்த்தால் தெரியும். கீறல் பூச்சோடு நின்றால் பயமில்லை, உள்ளே இழைக்கு இறங்கினால் யோசிக்க வேண்டும். பூச்சைச் சுரண்டி மறுபடி பூசுவது நூற்றுக்கணக்கான மணி நேர வேலை. அதற்கு ஆகும் கூலி கிளைடரின் விலையையே தாண்டிவிடலாம். அப்புறம், இந்தக் காலத்து ஃபைபர் கிளைடர்கள் பலவற்றுக்கு 3,000 மணி நேரத்தில் விரிவான பரிசோதனை உண்டு. நீங்கள் பார்க்கும் ஆஸ்டிர் 2,870 மணி நேரம் பறந்திருக்கிறது என்று விளம்பரம் சொல்கிறது. இன்னும் 130 மணி நேரம்தான். மூன்று பேர் பறந்தால் ஒன்றிரண்டு கோடையில் அந்தச் செலவு வாசலில் வந்து நிற்கும். பங்கு விலையைப் பேசும்போது இதைச் சொல்லிப் பேசுங்கள். நம் சந்தையில் தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசும் பேரமாக இல்லாமல், மற்ற இரண்டு பங்காளிகளிடமும் வெளிப்படையாகக் கேளுங்கள்: அந்தச் செலவுக்குப் பணம் எடுத்து வைத்திருக்கிறார்களா, இல்லையா?

பங்கு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த வாரம் யாருக்கு, ஒருவர் இடித்துவிட்டால் காப்பீடு போக மீதி யார் கட்டுவது, வருடாந்திரச் சோதனைக்கு யார் பொறுப்பு, ஒருவர் விலகினால் பங்கை யாருக்கு, எந்தக் கணக்கில் விற்பது. கடைசியாகச் சொன்னது உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் மூன்று ஆண்டில் விலகப் போவது நீங்கள்தான். பங்காளிகளிடம் அதை இப்போதே சொல்லிவிடுவது மரியாதை.

போய்ப் பார்க்கும்போது

விற்பவர் காபி கொடுத்து உட்கார வைப்பார். உட்காரும் முன் லாக்புக்கைக் கேளுங்கள். முதல் நாளிலிருந்து எல்லாப் பறப்பும், எல்லாப் பழுதும் அதில் இருக்க வேண்டும். நடுவே நாலைந்து வருஷம் காணவில்லை என்றால் அந்தக் காலத்தில் கிளைடர் எங்கே நின்றது, ஏன் நின்றது என்று கேளுங்கள். கட்டாய உத்தரவுகள், முக்கியமாகச் சிறகுகள் உடம்போடு சேரும் உலோகப் பாகங்களைப் பற்றியவை, செய்து முடிக்கப்பட்டதாகக் கையெழுத்தோடு பதிவு இருக்கிறதா பாருங்கள். கயிறு மாட்டும் கொக்கிக்குத் தனிக் கெடு உண்டு, எப்போது முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இருக்கைப் பட்டை, பாராசூட் இரண்டுக்கும் அப்படியே.

டிரெய்லரைக் கிளைடருக்குச் சமமாகப் பாருங்கள். டயர், பிரேக், விளக்கு எல்லாம் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். இருட்டில் கூரையில் வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அங்கே மழை இறங்குகிறது. வருஷத்தில் முக்கால்வாசி நேரம் கிளைடர் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கப் போகிறது.

பிறகு கிளைடரை உங்கள் கையால் பூட்டிப் பாருங்கள். பூட்டியதும் ஒருவர் சிறகு ஓரத்தில் அசையும் பலகையான ஐலரானை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் உள்ளே ஸ்டிக்கை அசைக்க வேண்டும். கிளப்பில் தினமும் செய்திருப்பீர்கள். பழைய கிளைடர்களில் கட்டுப்பாட்டுக் கம்பிகளைக் கையால்தான் இணைக்க வேண்டும், தானாக இணையாது. ஒரு காலையில் நான் ஐலரானைப் பிடித்துக்கொண்டிருந்தேன், மாணவர் உள்ளிருந்து ஸ்டிக்கை அசைத்தார். ஸ்டிக் போகிறது, என் கையில் எந்த இழுப்பும் வரவில்லை. மூடியைத் திறந்தால் பந்து மூட்டு குழிக்குள் உட்காராமல், அதன் மேலேயே பூட்டு ஊசி சாய்ந்து கிடந்தது. முந்தின நாள் மாலை அவசரத்தில் பூட்டியது நான்தான். அன்றிலிருந்து இந்தச் சோதனையை யாரையும் சுருக்க விட்டதில்லை. உங்களையும் விட மாட்டேன்.

உங்களோடு ஒரு ஆள் வரட்டும், அவர் உங்கள் கிளப்பின் பராமரிப்புப் பரிசோதகராக இருக்கட்டும். அவருக்கு ஒரு நாள் கூலி கொடுப்பது வீண் செலவு ஆகாது. அதோடு 4,500 யூரோவையும் விலைக்கே போட்டுவிடாதீர்கள். காப்பீடு, நிறுத்துமிட வாடகை, வருடாந்திரச் சோதனை, வின்ச் கட்டணம் எல்லாம் கிளைடர் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வந்துகொண்டே இருக்கும்.

ஊருக்குக் கொண்டுவருவது

இனி மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமான பகுதி.

இன்ஜின் இல்லாததால் அனுமதி வேண்டாம் என்பது தவறான எண்ணம். 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் சட்டம் 2024 நடப்பில் இருக்கிறது. விமானம் என்ற சொல்லுக்கு அது தரும் விளக்கத்திலேயே பலூன், பட்டத்தோடு கிளைடரும் சேர்ந்திருக்கிறது. ஆகவே இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏவின் பதிவு வேண்டும், பறக்கும் தகுதிச் சான்று வேண்டும், உங்களுக்கு இந்திய உரிமம் வேண்டும். ஐரோப்பிய உரிமத்தைக் காட்டி இந்தியப் பதிவுள்ள கிளைடரில் அப்படியே ஏறிவிட முடியாது, மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய விமானங்களை இறக்குமதி செய்ய டிஜிசிஏ வயது வரம்பும் வைத்திருக்கிறது. கன்டெய்னருக்கு முன்பணம் கட்டும் முன்பே இதை எழுத்துமூலம் கேட்டு வாங்க வேண்டும். துறைமுகத்தில் வந்து நின்ற பிறகு கேட்டால், நாள் வாடகை ஏறிக்கொண்டே போகும்போது பதிலுக்குக் காத்திருக்க நேரும்.

சட்டம் எல்லாம் கூடிவந்தாலும் நம் மண் இடம் கொடுக்க வேண்டும். பருந்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அழகாக எழுதியிருந்தீர்கள். ஆனால் பருந்து ஒரு களத்து மேட்டின் அகலத்துக்குள் திரும்பிவிடும். கிளைடர் மணிக்கு 70 கிலோமீட்டரில் நன்றாகச் சாய்ந்து திரும்பினாலும் வட்டத்தின் ஆரம் ஐம்பது மீட்டர் ஆகும். பருந்தைத் தூக்கிப் பிடிக்கிற மெல்லிய தெர்மல் நம்மைத் தூக்காது. தெர்மல் பலமாகக் கிளம்பத் தரை காய்ந்து சூடேற வேண்டும். தண்ணீர் கட்டிய வயலில் வெயிலின் சூடு பெரும்பாலும் நீரை ஆவியாக்கவே செலவாகிவிடுகிறது, காற்றைச் சூடாக்க மிச்சம் கொஞ்சம்தான். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வந்ததும் தொடங்கி, சம்பா அறுப்பு முடியும் தை வரை நம் பக்கம் அந்த நிலைதான். நடுவே ஐப்பசி, கார்த்திகை அடைமழை வேறு. மாசியிலிருந்து வைகாசி வரை வயல் காய்ந்திருக்கும், அப்போது தெர்மல் உண்டு. ஆனால் திருத்துறைப்பூண்டி கடலுக்குப் பக்கம். உச்சி சாய்ந்ததும் கடல்காற்று உள்ளே வந்து எல்லாவற்றையும் அடக்கிவிடும். நல்ல தெர்மல் வேண்டுமென்றால் மேற்கே, வல்லம் தாண்டி கந்தர்வகோட்டை, புதுக்கோட்டைச் செம்மண் மேடுகளுக்குப் போக வேண்டும். அந்தத் திசைக்கு வழியிலேயே தஞ்சாவூர் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து அங்கே சுகோய்-30 படைப்பிரிவு நிற்கிறது. அதற்கப்பால் திருச்சி பன்னாட்டு விமான நிலையம். முன் அனுமதியும் ரேடியோத் தொடர்பும் இல்லாமல் அந்த வான்வெளிப் பக்கம் போவது உங்கள் உயிருக்கும் அடுத்தவர் உயிருக்கும் ஆபத்து.

உளுந்து எடுத்த வயல் படத்தையும் பார்த்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் சமம்தான். ஆனால் பங்குனி, சித்திரையில் நம் களிமண் பாளம் பாளமாக வெடித்திருக்கும், கால் போகிற அளவு பிளவு. அதில் கிளைடர் சக்கரம் இறங்கினால் மூக்கு தரையில் குத்தும். குறுக்கே வரப்பு, ஓரத்தில் பனை, மோட்டார் கொட்டகைக்குப் போகும் மின் கம்பி. கம்பி மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது, கம்பத்தைத்தான் தேட வேண்டும். வின்ச்சோ வண்டியோ வைத்து இழுக்க ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத தடையற்ற தரை வேண்டும். கிளைடரைக் கிளப்பும் வேகம் டிராக்டருக்கு வராது.

ரைஸ் மில்லைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது அதன் கூரைத் தகடு எல்லாம் பறந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மரக் கிளைடரை அந்த ஈரத்தில் வைத்தால் நான் மேலே சொன்ன நெல் மூட்டை வாடைதான். உலோகக் கிளைடராக இருந்தால் உப்புக் காற்று.

ஆக, கிளைடரைக் கொண்டுவராதீர்கள். உங்கள் லாக்புக்கைக் கொண்டுவாருங்கள். இந்த மூன்று ஆண்டில் ஆஸ்டிரில் நூற்றைம்பது மணி நேரம் பறந்து, முடிந்தால் பயிற்சியாளர் தகுதியும் எடுத்துவிட்டால், நீங்கள் ஊருக்குத் தருவது ஒரு பழைய கிளைடரை விடப் பெரியது. நம் நாட்டில் புனே ஹடப்சரில் டிஜிசிஏவின் கிளைடிங் மையம் நடந்திருக்கிறது, கான்பூர் ஐஐடியிலும் கிளைடர் பறந்திருக்கிறது. ஒரு காலத்தில் ரோகிணி, கார்த்திக், ஆர்த்ரா என்று பெயர் வைத்து நாமே கிளைடர் வடிவமைத்துக் கட்டினோம். தமிழ்நாட்டில் இரண்டாம் உலகப் போரில் போட்ட உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு ஓடுதளங்கள் இருக்கின்றன. அங்கே கிளப் தொடங்குவது எளிதில்லை: அரசு அனுமதி, வின்ச், பயிற்சியாளர், கையெழுத்துப் போடும் பராமரிப்புப் பொறியாளர் எல்லாம் வேண்டும். அப்படி ஒன்று அமையும் நாளில் முதலில் வாங்க வேண்டியது கற்றுக்கொடுக்க இரண்டு இருக்கைக் கிளைடர். அதற்கு உங்களைப் போல ஆள் வேண்டும் என்று நான் பல வருஷமாக ஆசைப்படுகிறேன்.

உங்கள் வீட்டம்மாவை ஆஸ்டிரைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போங்கள். பூட்டும்போது சிறகு ஓரத்தை அவர் பிடிக்கட்டும், ஐலரான் சோதனையை அவர் கையால் செய்யட்டும். அதற்கு முன் ஒரு நாள் கிளப்பின் இரண்டு இருக்கைக் கிளைடரில் உங்கள் பயிற்சியாளரோடு அவர் ஒரு சுற்று போய்வந்தால் இன்னும் நல்லது. அதன் பிறகும் வேண்டாம் என்றால், அந்தப் பேச்சை இருவரும் வேறு விதமாகப் பேசுவீர்கள்.

கா 8 விற்பவருக்கு, எடை ஒத்துவரவில்லை என்று காரணத்தைச் சொல்லி ஒரு வரி எழுதிவிடுங்கள், அடுத்து வருகிறவருக்கு உதவும். ஆஸ்டிரின் எடைத் தாள், கடைசி இரண்டு வருடாந்திரச் சோதனைப் பக்கங்கள், பங்கு ஒப்பந்தத்தின் வரைவு மூன்றையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.